நடுத்தெருக் குழாய்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. மற்ற மூன்றும் செத்துப்போன நாத்தனாருடையவை. என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அவ்வளவுதான் படிப்பு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு வாழ்வு கொடுத்தது அந்தக் காலத்துப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டுதான் என்று ஊரில் ஒரு பேச்சு. கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. எப்படிக் கொடுத்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்களுடையது நெசவாளர் தெரு. மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. தண்ணீருக்குத் தோட்டத்துக் கிணறு வரை நடக்க வேண்டும். எங்களுக்கென்று இருந்த ஒரே சொத்து, தெரு கோணாமல் நேராக இருந்ததுதான். விடிந்ததும் தெரு நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, துணிக்கு நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை விரித்துக் கட்டுவோம். கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் நின்று, காயும்வரை பிரஷ்ஷால் வாருவோம். அப்புறம்தான் தறிக்குப் போகும். விரித்த பாவை யாரும் தாண்டக் கூடாது, தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது. கல்யாண ஊர்வலமும் வேறு தெருவழியாகத்தான் போகும்.

பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி; தெற்கு வரிசை மஞ்சள் பெட்டிக்குப் போட்டது, வடக்கு வரிசை பச்சைப் பெட்டிக்கு. ஜெயித்தவர் மஞ்சள் பெட்டிக்காரர், எண்ணெய்ச் செக்கு முதலாளி. தெருவுக்கு ஒரு குழாய் என்றார். ஓட்டுப் போட்டவர்கள் நாங்கள், எங்கள் பக்கம்தான் வேண்டும் என்றது தெற்கு. நாங்கள் வரி கட்டவில்லையா என்றது வடக்கு. ஒருத்தன் பீடிக்கு இன்னொருத்தன் நெருப்புத் தரவில்லை. கடைசியில் ஆம்பளைகள் கூடிப் பேசி, கயிறு பிடித்து அளந்து, யாருக்கும் தோல்வி இல்லாமல் தெருவின் நட்டநடுவில் குழாய்த்தூணை நட வைத்தார்கள். இரண்டு வரிசையும் மீசையை முறுக்கிக்கொண்டு தூங்கப் போனது.

மறுநாள் காலையில் என் மாமியார் பாவு நூலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் தூணைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏட்டி, பாவை எங்கன கட்ட? இவனுவ மீசையிலயா?"

பத்துப் பதினைந்து ஆம்பளைகள் அளந்தார்களே, ஒருத்தனுக்காவது பாவு ஞாபகம் வந்ததா? போர்டு ஆபீஸில் போய்க் கேட்டதற்கு, பிரசிடெண்டு பெயரைக் கல்லில் வெட்டித் தூணில் பதித்தாகிவிட்டது, இனி நகர்த்த முடியாது என்றார்கள். தறிகள் நின்றன. எங்கள் தறிக்குழியில் கோழி முட்டையிட்டது. அடுப்பில் உலை வைக்க யோசிக்க வேண்டியதாயிற்று.

திறப்புவிழா அன்று விடியுமுன்னே பொம்பளைகள் நாங்களே பாவை விரித்தோம். தூண் வந்த இடத்தில் நூலை இரண்டாகப் பிரித்து, அதைச் சுற்றிக் கட்டிக் கஞ்சியும் போட்டுவிட்டோம். அன்றாடம் இப்படிக் கட்டினால் நூல் தாங்காது; ஒருநாளைக்கென்று துணிந்தோம். மேளம் அடித்துக்கொண்டு, கழுத்தில் ரோஜா மாலையோடு பிரசிடெண்டு வந்தார். குழாய் பாவுக்கு நடுவில் இருந்தது.

"பாவை அவுத்துவிடுங்கட்டி" என்றார்.

"ஈரமா இருக்கு அண்ணாச்சி. இப்பம் அவுத்தா நூலெல்லாம் ஒட்டிக்கிடும். குனிஞ்சு வாங்க" என்றேன் நான்.

தாண்ட அவருக்கும் பயம். அவர் வேட்டியும் எங்கள் தெருவில் நெய்ததுதானே. தொந்தியை மடக்கிக்கொண்டு பாவுக்கு அடியில் தவழ்ந்தார். மாலை பாதி நூலில் தங்கிவிட்டது. தலைமுடி கஞ்சி பட்டுச் செங்குத்தாக நின்றது. ஒருவழியாகக் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்து கையை வைத்தார்.

"திறந்திராதீங்க அண்ணாச்சி. தண்ணி தெறிச்சா கஞ்சி கரைஞ்சிரும்."

அப்படியே குத்தவைத்திருந்தார். மேளக்காரன் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் முழித்தான்.

"எந்தக் கூமுட்டைலே இதை நடுத்தெருவுல வைக்கச் சொன்னவன்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். மஞ்சள் பெட்டியும் பச்சைப் பெட்டியும் சேர்ந்து வானத்தைப் பார்த்தன. ஓரத்துக்கு மாற்றுங்கள் என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

எந்த ஓரம் என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். நான் விடவில்லை. நான் பிறந்தது தெற்கு வரிசை, வாக்கப்பட்டது வடக்கு வரிசை; என் சுவரோரம் வைத்தால் இரண்டு பேருக்கும் பொது என்றேன். மறுநாளே தூணைப் பெயர்த்து என் சுவரோரம் நட்டார்கள். இதற்காகத்தான் இவ்வளவும் செய்தாள் என்று பின்னால் பேசினார்கள். பேசினவர்களும் என் வாசலில்தான் குடத்தை வைத்தார்கள்.

பாவு காய்ந்து தறிக்குப் போனது. குழாயடிச் சேறு வேட்டியில் பட்டதென்று பிரசிடெண்டு தெருவுக்குச் சரளைக்கல் போட்டார், பிறகு விளக்குக் கம்பம் வந்தது, அதுவும் ஓரத்தில். தூணோடு பெயர்த்த அவர் பெயர்க்கல் ரொம்ப நாள் என் வாசலில் துணி துவைக்க உதவியது. நல்ல கல்.

எழுதிவிட்டாயா மக்கா? முதலிலிருந்து வாசி, கேட்போம். அவர் தவழ்கிற இடத்தை மட்டும் மெதுவாக வாசி.