வேடியப்பனுக்கு வெள்ளை பூசிய நாள்

கொடுவாள் பச்சை மரத்தில் இறங்கும் சத்தம் விறகு வெட்டிப் பழகிய வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மனிதக் கையில் இறங்கும்போதும் ஏறக்குறைய அதே சத்தம்தான் வருகிறது, கொஞ்சம் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஓர் ஆண்டில், ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் அதை எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். நான் வரலாற்று ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஊரில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். அந்தப் பழியை நான் அன்றும் ஏற்கவில்லை, இனிமேலும் ஏற்க மாட்டேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து மேற்கே நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடம் மாரண்டஹள்ளியில். சேலத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த வரலாற்று டீச்சர் ஒருநாள், ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்து ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுத வேண்டும், நல்ல கட்டுரை தர்மபுரிக்குக் கண்காட்சிக்குப் போகும் என்றார். வகுப்பே எழுந்து நின்று "அதியமான்கோட்டைங்க டீச்சர்" என்றது. அந்தக் கோட்டையைப் பாதிப் பேர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எல்லாரும் மேய்கிற இடத்தில் போய் நானும் எதற்கு மேய வேண்டும் என்று, "எங்க நெலத்துல வேடியப்பன் கல்லு இருக்குதுங்க டீச்சர், அத எழுதறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வேடியப்பன் என்று நாங்கள் கும்பிட்டது ஒரு நடுகல்லை. ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் குறுவாளுமாக ஒருவன் நிற்பான், காலடியில் மாடுகள், நெஞ்சில் அம்பு, தலைக்கு மேல் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அது அப்பாவின் நிலத்துக்கும் பெரியப்பாவின் நிலத்துக்கும் நடுவே வரப்பின் மேல் நின்றது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் ஒரே கிணறு. தாத்தா சாகும்போது சொல்லிப்போன ஏற்பாட்டின்படி வேடியப்பன் பூசை ஒரு வருஷம் பெரியப்பாவுக்கு, மறு வருஷம் எங்களுக்கு. பூசை யாருக்கோ, அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீரும் அவர்களுக்கே முதலில், மிச்சம்தான் மற்றவருக்கு. இதற்கு "முறை" என்று பெயர். முறைக்காரர் கல்லைக் கழுவி வெள்ளை பூசிவிட்டால் அந்த வருஷத்துத் தண்ணீர் அவருடையது என்று அர்த்தம். மற்றவர் கல்லைத் தொடவே கூடாது.

அந்த வருஷம் பெரியப்பாவின் முறை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. அவருடைய தக்காளி பூவெடுத்து நின்றது, எங்களுடையது வாடிக் கிடந்தது. அப்பாவும் அவரும் பேச்சை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பூசைக்கு நாள் பார்த்து வைத்துவிட்டு, வெள்ளை பூசாமல் காத்திருந்தார் பெரியப்பா.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கல்லைப் பார்க்க வந்தார். அப்பா மண்டிக்குப் போயிருந்தார். அம்மா காப்பி போட உள்ளே போனாள். கல்லில் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்து மங்கிக் கிடந்ததைப் பார்த்த டீச்சர், தேங்காய் நாரும் ஒரு குடம் தண்ணீரும் கேட்டார். "டீச்சர், இந்த வருஷம் எங்க பெரியப்பா முறைங்க, தொடக்கூடாதுங்க" என்றேன். "கல்லுக்கு என்னடி முறை? எழுத்து தெரிஞ்சாத்தானே எழுதலாம்" என்று சொல்லிவிட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு பையிலிருந்து சாக்பீஸ் தூளை எடுத்துக் கல் முழுக்க அப்பினார். எழுத்து பளிச்சென்று எழுந்தது. "இது வட்டெழுத்து, ரொம்பப் பழைய எழுத்து, எனக்கும் படிக்கத் தெரியாது" என்று சொல்லி, அப்படியே காகிதத்தில் வரைந்துகொண்டார். "மாட்டைக் காப்பாத்தப் போய்ச் செத்தவன். வெட்டுக்குத்து எல்லாம் அந்தக் காலத்தோட போச்சு" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கேட்டீர்களா, போச்சாம்!

சாயந்திரம் கரண்ட் வருகிற நேரத்துக்கு மோட்டார் போடப் பெரியப்பா வந்தார். தன் முறை வருஷத்தில் கல் கழுவி வெள்ளை பூசிக் கிடப்பதைப் பார்த்தார். அவர் இடத்தில் எங்கள் ஊர்க்காரர் எவர் இருந்தாலும் ஒன்றைத்தான் நினைத்திருப்பார்: தம்பி முறையைத் திருடிவிட்டான், தண்ணீர் போச்சு.

"டேய் சின்னசாமி! வூட்ட வுட்டு வெளிய வாடா! எம் முறையில கல்லக் கழுவிப்புட்டு உள்ள குந்திக்கினு இருக்கறயா?"

அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. "யாருண்ணா கழுவனது? நீயே பூசிட்டு எம்மேல பழி போடறயா?" என்று அவரும் எகிறினார்.

நான் நடுவில் ஓடிப்போய், "எங்க டீச்சருங்க பெரியப்பா! ஆராய்ச்சிக்குங்க!" என்று கத்தினேன். உண்மையைச் சொன்னால் சண்டை நின்றுவிடும் என்று நம்பிய வயசு. "ஆராய்ச்சியாம், மயிராம்! பொட்டப்புள்ளய முன்ன வுட்டு முறைய அமுக்கறானே, இவனெல்லாம் ஆம்பளயா?" என்று பெரியப்பா என்னைத் தள்ளிவிட்டதில் நான் உரல் மேல் விழுந்து முன்பல் உடைந்தது. மகள் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் அப்பா பாய்ந்து அண்ணன் கழுத்தைப் பிடித்தார். இருவரும் மண்ணில் புரண்டார்கள். அப்பா அவர் தோளைக் கடித்த இடத்தில் சதை பிய்ந்து தொங்கியது. அம்மா உலக்கையை எடுத்து வந்து பெரியப்பாவின் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். பெரியம்மா ஓடிவந்து அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். அவ்வளவு நாள் ஒரே சட்டிக் குழம்பைப் பங்கு போட்டுத் தின்றவர்கள், சொன்னால் நம்புவீர்களா? வேலியோரம் முள் வெட்ட வைத்திருந்த கொடுவாள் பெரியப்பாவின் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்துக்கு வந்த வெட்டை அப்பா வலது கையால் தடுத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றவை வாசலில் கிடந்தன. கோழி ஒன்று அவற்றை நோக்கி வர, அம்மா அலறிக்கொண்டே அதை உதைத்தாள்.

வெட்டியவர் முதலில் கொடுவாளைக் கீழே போட்டார். அடுத்த நொடியே தலைத்துண்டை அவிழ்த்து அப்பாவின் கையை இறுகக் கட்டி, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு, உடைந்த முழங்காலோடு நொண்டி நொண்டி ரோட்டுக்கு ஓடினார். தக்காளி லாரி ஒன்றை மறித்து ஏற்றினார். அவர் அழுத அழுகை ஊர் எல்லை வரைக்கும் கேட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, பாதி மயக்கத்தில் இருந்த அப்பாவே சொன்னாராம்: "கரும்பு ஆலையில மாட்டிக்கிச்சுங்க." பக்கத்தில் நின்ற பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டாராம்.

மறுநாள் காலையில் அம்மா சம்மட்டியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனாள். "எவனுக்கும் இனிமே முறை கெடையாது" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். வில் போனது, தலை போனது, மாடுகள் போயின. பெரியம்மா வந்து தடுப்பாள் என்று நினைத்தேன். அவளோ துண்டுகளைப் பொறுக்கிக் கிணற்றில் எறிந்தாள். பிறகு இருவரும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுதார்கள்.

ஊருக்கே தெரிந்ததை ஊரே சேர்ந்து மறைத்தால், அப்பாவின் கைக்கு யார் பதில் சொல்வது? இதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிவிடுகிறேன் பார் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அம்மா என்னை அடிக்கவில்லை. "எழுது. போலீசு வரும். உங்க பெரியப்பன ஜெயில்ல போடுவாங்க. அவரு புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கட்டும். அதுக்குத்தான் உங்கப்பன் அந்த வலியிலயும் பொய் சொன்னானா?" என்றாள்.

அடுத்த வாரம் வகுப்பில் தலைப்பு எழுதிக் கொடுக்கும் நாள். "உன் கல்லு என்ன ஆச்சு?" என்றார் டீச்சர். "ஒடைஞ்சிருச்சுங்க டீச்சர்." "கல்லு எப்படிடி தானா உடையும்? யார் உடைச்சது?" நான் கையை நீட்டினேன். "ஆயிரம் வருஷத்துக் கல்லை உடைச்சுட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் மனுஷியா?" என்று ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து என் விரல் முட்டிகளில் அடித்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் கை நின்றிருக்கும். பெரியப்பாவின் கையில் விலங்கு விழுந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், உடைந்த முன்பல் உட்பட. அடித்து முடித்தபின் காகிதத்தை வாங்கி "அதியமான்கோட்டை" என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்று அந்த வரப்பு இல்லை. கிணற்றை மூடிவிட்டார்கள். இரண்டு நிலமும் ஒன்றாகி, ஓசூர்க்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்துப் பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கிறார். அண்ணன் தம்பி இருவரும் பிற்பாடு பேசிக்கொண்டார்கள், ஒரே பீடிக்கட்டைப் பங்கு போட்டார்கள். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் தாத்தாவின் கை கரும்பு ஆலையில் போனதுதான். அதை ஒருவரும் மாற்றிச் சொன்னதில்லை, நான் உட்பட.

போன வருஷம் பெரியப்பா இறந்துபோனார். கூடம் நிறைய சனம். அப்பா சவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு விரல் கையால் அண்ணனின் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினார்: "என் கைய வெட்டன மகராசா! இனி என்னை வெட்டறதுக்குக்கூட ஆளில்லாம பண்ணிட்டுப் போறயே!"

பேரப்பிள்ளைகள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாவின் மூத்த மகன் பதறி ஓடிவந்து, அப்பாவின் கையைத் தன் துண்டால் மூடி, காதோரம் குனிந்து, "சித்தப்பா, சத்தமா சொல்லாதீங்க, வெளியாளுங்க இருக்கறாங்க" என்றார்.

அப்பா துண்டை உதறினார். "கேக்கட்டும்டா. இனிமே அவன எந்த ஜெயில்ல கொண்டுபோய் போடுவாங்க?"