ஸ்லோ நிற்காத ஒன்பது நாள்

அந்த இஞ்சின் நிற்பதற்கு முன்னால் அதற்கு விக்கல் வரும். முதலில் ஒன்று, செத்த நேரம் கழித்து இன்னொன்று, பிறகு அடுத்தடுத்து நாலைந்து. கடைசியில் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிப்போகும். டிராக்டருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். முதல் விக்கலுக்கே அவர் முகம் செத்துவிடும். ஒன்பது நாள் அந்த முகத்தைப் பார்த்தவள் நான்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், அவ்வளவிலும் சின்ன வெங்காயம் நட்டிருந்தோம். ஐப்பசி மழை கையை விரித்துவிட்டது. போதாததற்கு டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோக, கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு பழைய சின்ன டிராக்டர். அதிலிருந்து பெல்ட் மாட்டி பம்பை ஓட்டினால் தண்ணீர் வரும். ஆனால் கிணற்றில் கிடந்ததோ முழங்கால் அளவு. வேகமாக ஓட்டினால் பத்தே நிமிஷத்தில் அத்தனையையும் உறிஞ்சிவிட்டு பம்பு வெறும் காற்றை இழுக்கும். ஊற்று ஊறுகிற அளவுக்குத்தான் இறைக்க வேண்டும், இஞ்சினை ஸ்லோவில் வைத்து, நாள் முழுக்க. அந்த ஸ்லோதான் நிலைத்து நிற்கவில்லை. அரை மணி நேரம் ஓடும், விக்கும், அணைந்துவிடும். அணைந்தால் குழாயில் ஏறிய தண்ணீரும் இறங்கிவிடும். நான் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அதை மறுபடி நிரப்ப வேண்டும்.

இத்தனைக்கும் இஞ்சின் விஷயத்தில் என் வீட்டுக்காரருக்குச் சுத்துப்பட்டில் ஒரு பேர் இருந்தது. யார் வண்டி மக்கர் செய்தாலும் அவரைக் கூட்டிப்போவார்கள். தள்ளி நின்று கண்ணை மூடிக் கேட்பார், இன்ன இடம் என்று விரலைக் காட்டுவார், அங்கேதான் கோளாறு இருக்கும். அப்பேர்ப்பட்டவர் தன் வண்டிக்கு வெளியாளைக் கூப்பிடுவாரா? ஸ்லோ திருகை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார், டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தார். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் முடித்ததும் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசல் பார்த்து, மூடிவிட்டு ஸ்டார்ட் செய்வார். இஞ்சினும் நல்ல பிள்ளையாக ஓடும். “புடிச்சுட்டேன் புள்ள” என்பார். அரை மணி நேரத்தில் விக்கல் வரும்.

ஏழாம் நாள் வெங்காயத் தாள் நுனி கருகி மடங்க ஆரம்பித்துவிட்டது. இடுப்பில் இருந்த குடத்தை நங்கென்று வைத்துவிட்டு, “காது காதுன்னு பீத்திக்கிட்டீங்களே, அந்தக் காது என்னத்தக் கேட்டுச்சு?” என்றேன். பாவி நான், கேட்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பதாம் நாள் நான் சோற்று வாளியோடு போனபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக அணையவில்லை என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. டீசல் ஊற்றியபோது மறதியாக மூடியைக் கழற்றி மட்கார்டில் வைத்துவிட்டிருக்கிறார். இப்போது அதை எடுத்துப் போட்டு இறுக்கிவிட்டுக் காத்திருந்தார். எனக்கும் அங்கேயே கால் ஊன்றிவிட்டது. விக்கல் வந்தது. மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, இஞ்சின் தெளிந்துகொண்டது. டேங்குக்குள் காற்றுப் போவதற்கு அந்த மூடியில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு. அது அடைபட்டால் டீசல் இறங்காது. வேகமாக ஓடினால் இஞ்சினின் டீசல் பம்பு எப்படியாவது இழுத்துக்கொள்ளும், ஸ்லோவில் அதற்கு அந்த வலு கிடையாது. அவர் கட்டைவிரல் நகத்தால் மூடியைச் சுரண்டினார். மேலே கறுப்பு அழுக்கு. அடியில் மஞ்சள்.

சந்தனம். ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்தவள் நான். எங்கே வைக்கலாம் என்று பார்த்தால் அந்த மூடிதான் நெற்றி மாதிரி எடுப்பாக இருந்தது. கெட்டியாகக் குழைத்து அப்பினேன். டீசலும் தூசியும் படிந்து கறுத்துப்போனதில் எனக்கே மறந்துவிட்டிருந்தது.

சத்தம் நிற்காததைக் கேட்டு என் மாமியார் வரப்பில் ஓடி வந்து, என்னடா ஆச்சு என்றார். இவர் விரலைக் கைலியில் துடைத்தார்.

“தூசி ஆத்தா. மூடி ஓட்ட அடச்சிருந்திருக்கு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்.”

என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாளியைப் பிடித்தபடி மரமாக நின்றேன்.

அன்று சாயங்காலம் வரை ஸ்லோ அவ்வளவு அழகாக நின்றது. தண்ணீர் பாத்தி பாத்தியாகப் பாய்ந்தது. வெங்காயம்தான் எழுந்திருக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் அடியில் சுண்டைக்காய் அளவுகூடத் திரளவில்லை. எல்லாவற்றையும் உழுது போட்டோம். மூடியில் இருந்த தூசியைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன் ஊர் இஞ்சினுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தானாம் என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லி அழுதார். தெரு சிரித்தது. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரை யாரும் கூப்பிட வரவில்லை.

இன்று அவர் இல்லை. யாரிடமும் சொல்லாததை எழுதவாவது செய்கிறேனே என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் போவதற்கு முந்தைய வருஷம், திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு மினி லாரி ஸ்லோ நிற்காமல் அணைந்து அணைந்து போனது. இரண்டு பேர் எதையெதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“டீசல்ல காத்துப் புடிச்சிருக்கு புள்ள.”

“போய்ச் சொல்லுங்களேன்.”

“தூசியக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் சொன்னா எவன் கேப்பான்?”

குத்திக்காட்டவில்லை. தன் பேச்சை இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார். அது தூசி இல்லைங்க, நான் வச்ச பொட்டு. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அது அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் என் வாயால் அவர் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவர் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.