ரெபேக்காள் கையெழுத்திட்ட ஒயர்கள்

செய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி குவாண்டம் கம்ப்யூட்டர் செய்யப் போவாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். டிப்ளமோ முடித்ததும் ரெபேக்காளும் நானும் மறைமலை நகரில் டிவி போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தோம். சூப்பர்வைசர் சுப்புராமனுக்கு ஒயர் கோணலாக இருந்தால் பொறுக்காது. தொங்கும் ஒயரைக் கத்தரித்து எங்கள் முன்னாலேயே போட்டுவிட்டுப் போவார். வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும், அச்சரப்பாக்கம் சுற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்ஸில் அவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்த அந்தச் சாயங்காலங்களுக்கு இன்னும் மனசு ஏங்குகிறது.

கம்பெனியை மூடினார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனோம். நான் ஏசி ரிப்பேர் பார்த்தேன். அவளோ பகுதிநேர பி.இ., அப்புறம் எம்.டெக் என்று படித்துத் தள்ளி, மாமல்லபுரம் சாலையில் ஒரு குவாண்டம் ஆய்வகத்தில் டிசைன் இன்ஜினியர் ஆனாள். ஒயரிங் வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது என்னைக் கூப்பிட்டாள்.

அங்கே சிப் தொங்குவது ஆளுயர ஃப்ரிட்ஜுக்குள். விண்வெளியைவிடக் குளிர். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும் என்பதால் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு வளைவு விடச் சொல்லித் தன் வரைபடத்தில் தெளிவாகவே போட்டிருந்தாள். நானும் வளைவு விட்டுத்தான் ஆரம்பித்தேன். சுப்புராமனிடம் பழகிய கை கேட்டால்தானே? ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கிவிட்டேன். இருபத்துநாலு ஒயரும் நூல் பிடித்த மாதிரி நின்றன.

சோதிக்க வந்த ரெபேக்காள் குனிந்து ஒயர் வரிசையைப் பார்த்தாள்.

"சுப்புராமன் சார் பாத்தாருன்னா அழுதுருவாரு!" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். தான் வரைந்ததையே மறந்துவிட்டாள் மகராசி.

இரண்டு நாள் குளிரவிட்டோம். ஒன்பது ஒயர் இழுபட்டு அறுந்துபோயின. அவளை சீனியர் ஹார்டுவேர் டிசைன் இன்ஜினியர் ஆக்குவதாக இருந்ததும் அதே வாரம்தான்.

"வளைவை எடுத்தது யார்?" என்று கேட்டார் ஆய்வகத் தலைவர் ஸ்ரீனிவாசராகவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நான் சார். தப்பு என்னுது."

பதவி ஒரு வருஷம் தள்ளிப்போய், போன மாதம்தான் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாசலிலேயே அவளை மறித்துக்கொண்டேன்.

"இன்னா, பைத்தியமா உனக்கு? இழுத்தது நான்தான்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா."

"அனுப்பட்டுமே. மறுபடியும் ஏசி ரிப்பேர் பாத்துகினு இருப்பேன். எனக்கு இன்னா?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"உனக்கு ஒண்ணும் இல்ல பூபாலா. அந்த லைன்ல உக்காந்தவங்கள்ல எனக்குன்னு நீ ஒருத்தன்தான் மிச்சம் கீற. நீயும் பூட்டா அந்த ஆறு வருஷத்த நான் யார்கிட்ட பேசறது?"