ஜெராக்ஸ் மெஷின் வராத வருஷம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கும். இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறவளுக்குக் காது நன்றாகவே வேலை செய்யும். வீடு ஸ்ரீரங்கத்தில். பள்ளிக்கூடம் திருவெள்ளறையைத் தாண்டி, துறையூர் சாலையிலிருந்து உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டோல்கேட்டில் பஸ் பிடித்து, விலக்கில் இறங்கி, மீதியை நடப்பேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் கணக்குக்கு நான் ஒருத்திதான்.

அரசு உயர்நிலைப் பள்ளி. நான் சேர்ந்த புதிதில் முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் ஊருக்குள் வர ஆரம்பித்த பிறகு அது பாதியாகிவிட்டது. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பள்ளிக்கு மானியம் வரும். எண்ணிக்கை குறையக் குறைய மானியமும் குறைந்தது, நான் சொல்லப்போகிற வருஷத்தில் பாதிதான் வந்தது, அதுவும் தீபாவளி கழிந்து. கரண்ட் பில்லும் கழிவறை சுத்தம் செய்கிற அம்மாவின் சம்பளமும் போனால் சாக்பீஸுக்கு மிஞ்சும். வாராந்திரத் தேர்வுக்கு வினாத்தாள் ஜெராக்ஸ் எடுப்பதை அந்த வருஷம் ஜூனிலேயே நிறுத்திவிட்டோம்.

ஆனால் தேர்ச்சி மட்டும் குறையக்கூடாது. அதை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

வினாத்தாள் இல்லாததற்கு நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். பெருக்கல் குறியைக்கூட ஒரே அளவில் போடுவாள். தேர்வு அன்று கேள்விகளை அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் நாற்காலியில் ஏறி நின்று கரும்பலகை முழுக்க எழுதிப் போடுவாள், மற்றவர்கள் பார்த்துப் பார்த்து விடை எழுதுவார்கள். நான் அந்த நேரத்தில் எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திவிடுவேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குள் பெருமை வேறு. அவளை வகுப்பிலேயே பாராட்டியிருக்கிறேன். நான் பாராட்டுவது அபூர்வம் என்பதால் அவளும் சந்தோஷமாகத்தான் எழுதினாள்.

அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி தலை எண்ணுவார்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து, ஆசிரியர் எத்தனை பேர் தேவை என்று முடிவு செய்வார்கள். குறைந்தால் ஒரு பணியிடம் உபரி. உபரியானவரை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் நாங்கள் விளிம்பில் இருந்தோம். ஒரு தலை குறைந்தாலும் கணக்குப் பணியிடம் போய்விடும். பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது, ஆளைக் காட்ட வேண்டும் என்று எண்ண வந்த அதிகாரி சொல்லிவிட்டார். பார்த்தால் இவளைக் காணோம். அம்மாவோடு வெங்காயக் காட்டில் களை எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள்.

நான் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறி, வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய் அவளைக் கூட்டிவந்தேன். காலில் சேறு காயவில்லை. சீருடைச் சட்டையை மட்டும் மேலே மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிகாரி எண்ணிவிட்டுப் போனார், என் பணியிடம் தப்பியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் களை எடுக்கத் திரும்பிப் போனாள்.

அரையாண்டுத் தேர்வில் அந்தப் பெண் கணக்கில் பத்தொன்பது வாங்கினாள். மற்ற முப்பத்தேழு பேரும் எப்படியோ கரையேறிவிட்டார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மழைக்கு ஒழுகும் வகுப்பறைக்குத் தன் காசில் தார்ப்பாய் வாங்கிப் போட்டவர். இந்தப் பள்ளியில் படித்து, இப்போது ரைஸ் மில் வைத்திருக்கும் ஒருவரிடம் அவர் நடையாய் நடந்து ஒரு வாக்கு வாங்கியிருந்தார். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் தேர்ச்சி காட்டினால் பள்ளிக்குப் புது ஜெராக்ஸ் மெஷின். மில்காரர் வியாபாரி, சும்மா தரமாட்டார். அந்த நிபந்தனையை எல்லா மேடையிலும் சொல்லவும் செய்தார்.

பொங்கலுக்கு முன்பு ஒருநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. அதை அடுத்த வாரத்துக்குள் முடித்து அனுப்ப வேண்டும்.

"அந்தப் பொண்ணு தேறுவாளா டீச்சர்?"

"கஷ்டம் சார்."

"அப்ப அவங்க அம்மாகிட்ட பேசிப் பாருங்க. அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதிக்கட்டும். ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வந்துருங்க, பேரை எடுத்துரலாம்."

அந்தக் கடிதத்துக்கு ஒரு வாசகம் உண்டு. யார் முதலில் எழுதினார்களோ தெரியாது, வழிவழியாக வருகிறது. 'எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகள் இவ்வாண்டு பொதுத்தேர்வு எழுத இயலாத நிலையில் உள்ளார். ஆகவே பெயர்ப்பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பெற்றோர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கேட்டது பெற்றோர், நீக்கியது பள்ளி. யார்மேலும் பழி வராது.

நான் மறுக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் என் மனசுக்கே பொறுக்காது. நூற்றைம்பது பிள்ளைகளுக்கு ஒரு மெஷின், ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம். கணக்கு டீச்சர் இல்லையா, தராசில் போட்டுப் பார்த்து, சரிதான் என்று முடிவு செய்தேன். கடிதத்தை நானே என் கையால் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. வைகுண்ட ஏகாதசி விழாக் கூட்டம் ஸ்ரீரங்கத்தில் இன்னும் கலையவில்லை. வீட்டிலிருந்து டோல்கேட் வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆனது. போகிற வழியெல்லாம் கூட்டத்தின்மேல் எரிச்சல்பட்டுக்கொண்டே போனேன். போகிற காரியம் பிடிக்காதபோது மனசு வேறு யார்மேலாவது பாயும்.

அவள் அம்மா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். டீச்சர் வீடு தேடி வந்திருப்பதில் அவருக்கு அவ்வளவு பூரிப்பு. அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் பிசிறில்லாமல் பேசினேன். கணக்கு வரவில்லை, இப்போது எழுதி ஃபெயிலானால் மனசு உடைந்துவிடும், அடுத்த வருஷம் நிதானமாக எழுதலாம். அவளுடைய நல்லதுக்காகவே சொல்வதுபோல வந்தது எல்லாம்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அம்மா. "எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

பேனாவைக் கையில் வாங்கியவர், போடுவதற்கு முன் கடிதத்தை மகளிடம் நீட்டினார். "எனக்குப் படிக்க வராது. என்ன போட்டிருக்குன்னு படி பாப்பா."

அவள் படித்தாள். தமிழ் அவளுக்கு நன்றாக வரும், தட்டாமல் தடுமாறாமல் சத்தமாக முழுக்கப் படித்தாள். முடித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பிப் போனாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல என்ன சூழ்நிலை டீச்சர்?"

அதில் கோபம் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அவள் அம்மாதான் பயந்துபோனார்.

"வீட்ல ஒண்ணும் இல்லீங்களே. அவங்கப்பாவும் நல்லாத்தான் இருக்காரு. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உன் கணக்குத் தேர்வு நோட்டை எடுத்துட்டு வா, பேசுறா பாரு," என்று அதட்டினேன். பதில் சொல்லாமல் தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நோட்டு வந்தது. எல்லாம் நான் திருத்தியதுதான், என் சிவப்பு மைதான். ஆனால் ஒவ்வொரு வாரமும் முப்பத்தெட்டு நோட்டுகளுக்கு நடுவில் பார்த்தது வேறு, இப்படி ஒரே மூச்சில் புரட்டிப் பார்ப்பது வேறு. முதல் பக்கத்துக் கணக்குகள் பெரும்பாலும் சரி. ஐந்து மதிப்பெண் கணக்குகளில் ஒன்றைத் தொட்டிருப்பாள், அது பாதியில் நிற்கும். அதற்குப் பிறகு வெறும் தாள். ஜூலையில் அப்படி, செப்டம்பரில் அப்படி, நவம்பரிலும் அப்படி.

"ஏன் ஒண்ணையும் முடிக்கல?"

"போர்டுல எழுதிப் போட்டுட்டு வந்து உக்காரவே அரை மணி ஆயிடும் டீச்சர். அதுக்குள்ள பெல் அடிச்சிரும்."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீங்கதான எழுதச் சொன்னீங்க."

ஒன்றரை மணி நேரத் தேர்வில் மூன்றில் ஒரு பங்கை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன், வாராவாரம், ஆறு மாதமாக. அரையாண்டுத் தேர்வுக்கு அச்சடித்த வினாத்தாள்தானே வந்தது என்று கேட்கலாம். வந்தது. ஆனால் பெரிய கணக்கை முடித்துப் பழகாத கை அங்கேயும் பாதியில்தான் நின்றது. இது தெரிய நான் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. வெங்காயக் காடுவரை நடந்து போய் அவளைத் தேடிப் பிடித்தவளுக்கு, வகுப்பில் இருந்துகொண்டு அவள் நோட்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

கடிதத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தேன். "ஒண்ணுமில்லம்மா, இவ எழுதட்டும்," என்றேன். அவள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளம்பும்போது ஒரு பை நிறைய வெங்காயம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கையை நீட்டினார். கடிதம் இல்லை என்றேன். நோட்டில் பார்த்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது டீச்சர். ஆனா ரெண்டு மாசத்துல என்ன பண்ணிடுவீங்க? மெஷின் வந்தா இனிமே எந்தப் பிள்ளையும் போர்டுல எழுத வேண்டாமே."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "அப்ப கையெழுத்தை நீங்களே போய் வாங்குங்க சார். அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டும், கேட்டுட்டு வாங்க," என்றேன். அவர் போகவில்லை. பட்டியல் முப்பத்தெட்டுப் பெயரோடு போனது.

அதன்பிறகு தேர்வு நாட்களில் நான் ஆறரை மணி பஸ்ஸுக்கு வந்து கேள்விகளை நானே எழுதிப் போட்டேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அது மூன்றா எட்டா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நான் கத்திக்கொண்டே இருப்பேன். இவள் பெரிய கணக்குகளை முடிக்க ஆரம்பித்தாள். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு.

ரெண்டு மாசம் போதவில்லை. பொதுத்தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். மற்ற முப்பத்தேழு பேரும் தேறினார்கள். தலைமையாசிரியர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அறைப் பலகையில் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் எழுதினார், 97.37 என்று. எப்போதும் முழு எண்ணாக எழுதுகிறவர், அன்று புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போட்டார். மில்காரர் போனில் வாழ்த்துச் சொல்லி, மெஷினை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுவிட்டார்.

கோடை விடுமுறையில் வாரம் மூன்று நாள் பள்ளிக்குப் போனேன். நான், அவள், ஒரு வேப்பமரம். நான் திட்டினால் அவள் இப்போது பதிலுக்குப் பேச ஆரம்பித்திருந்தாள். துணைத்தேர்வில் ஐம்பத்தெட்டு வாங்கினாள். ஜூலைக் கடைசியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவள், தலைமையாசிரியர் அறைப் பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

"இப்ப நம்ம ஸ்கூல் நூறாயிடுச்சா டீச்சர்?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். ஏற்கெனவே ஒரு பொய்யை என் கையாலேயே எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன். "இல்லை. துணைத்தேர்வு அதுல சேராது," என்றேன். தலையாட்டிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.

துறையூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க நானும் கூடப் போனேன். அவள் அம்மா பஸ் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சேர்க்கை மேஜையில் இருந்த ஆசிரியைக்கு எங்களைப் பார்த்ததில் ஏக சந்தோஷம்.

"ஒண்ணாம் தேதி மட்டும் கண்டிப்பா வந்துரும்மா. எண்ண வருவாங்க," என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இங்கயுமா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

அவள் குனிந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். ஆசிரியை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடடா, கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு," என்றார்.

"மேடம், உங்க ஸ்கூல்ல ஜெராக்ஸ் மெஷின் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ரிப்பேராகி ஒரு வருஷமாச்சு. ஏங்க?"

"இவளை மட்டும் போர்டுல எழுத விட்டுறாதீங்க," என்றேன்.