சுவருக்குள் போன ரேடியேட்டர்

ரிம்மா வீட்டுக்கும் அவள் தம்பி ரோத்யாவுக்கும் குறுக்கே நின்றது ஒரு பழைய ரேடியேட்டர்தான் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள்.

காமா ஆற்றங்கரையில் உப்பு வெட்டும் ஊர். ஐந்து மாடிக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி, மூலை வீடு. ஜன்னலுக்குக் கீழே ஏழு மடிப்பாக, பசியில் கிடக்கும் மாட்டின் விலாவைப் போல அந்த வார்ப்பிரும்பு உட்கார்ந்திருந்தது. ஊர்க் கொதிகலனிலிருந்து வெந்நீர் ஏறி வந்து அதற்குள் சுற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். வருஷா வருஷம் யாராவது ஒருவர் அதன்மேல் வண்ணம் அப்பியிருந்தார்கள். உரிந்த இடங்களில் பழுப்பு, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே துரு.

ரோத்யாவுக்கு நாற்பத்து நான்கு வயது. நான்கு வயதில் மூளைக் காய்ச்சல் வந்ததோடு சரி, மனசு ஆறு வயதைத் தாண்டவில்லை. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போனபோது ரிம்மா ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் மூன்று ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவன் கேஸைத் திறந்துவிட்டு, நெருப்பு வரும் என்று எதிரில் உட்கார்ந்து காத்திருந்தான். அடுத்த மாதம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, காட்டுக்குள் இருக்கும் விடுதியில் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டது அவள்தான். எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்து வந்தாள். அந்தக் கையெழுத்து மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

இப்போது ஓய்வூதியம் வந்துவிட்டது. நாளெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள். அவனைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று மனுக் கொடுத்தாள். பாதுகாவலர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நவம்பர் நடுவில் வீட்டைப் பார்க்க வருவார்களாம். தனிக் கட்டில், சுத்தமான விரிப்பு, ஈரமில்லாத சுவர், நல்ல நிலையில் உள்ள சூடேற்றி எல்லாம் இருக்கவேண்டும். ரிம்மா போனை வைத்துவிட்டு நேராக ரேடியேட்டரைத்தான் பார்த்தாள்.

செப்டம்பரில், வெந்நீர் விடுவதற்கு முன்பே, கம்பி பிரஷ்ஷை வைத்து நான்கு நாள் சுரண்டினாள். ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை வண்ணத்தைப் பூசினாள். கல்யாண வீட்டுத் தூண் மாதிரி பளபளத்தது. மாதக் கடைசியில் வெந்நீர் வந்தது. மூன்று நாள் வீடெல்லாம் வண்ண நாற்றம். நான்காம் நாள் வெள்ளை முழுக்க டீ நிறத்துக்கு மாறியிருந்தது. ஐந்தாம் நாள் நான்காவது மடிப்புக்கும் ஐந்தாவது மடிப்புக்கும் நடுவில் ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்த்தது. சுரண்டி எடுத்த துருதான் இதுவரை அடைப்பாக இருந்திருக்கிறது என்று புரிந்தது.

குழாய்க்காரன் வந்தான், பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"ஏப்ரல்ல வெந்நீர நிறுத்தற வரைக்கும் இதைத் தொட முடியாதுக்கா. இந்தக் குழாயை மூடினா மேலயும் கீழயும் சேர்த்து அஞ்சு வீடு விறைச்சுப்போகும்."

"அதுவரைக்கும்?"

"துணி சுத்துங்க. டப்பா வைங்க. இந்த ஊர்ல பாதி வீடு டப்பாலதான் ஓடுது."

சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினாள், மேலே துணி சுற்றினாள், கீழே பட்டாணி டப்பாவை வைத்தாள். சரி, இனி மறைக்க வேண்டியதுதான்.

முதலில் பழைய படுக்கை விரிப்பில் சுருக்கம் வைத்து ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டாள். மேல்வீட்டுக் கபிதோலினா வந்து பார்த்தாள். கபிதோலினாவுக்கு எழுபது இருக்கும்; நாக்குக்கு இன்னும் இருபதுதான்.

"என்னடி ரிம்மா, உள்ள பொணத்த வச்சிருக்கியா?"

"சும்மா இருங்க காப்பாக்கா."

"இல்ல, ஆஸ்பத்திரில அதுக்குத்தான் இப்படித் திரை போடுவாங்க."

திரை இறங்கியது. கடையில் ஓட்டை போட்ட தகரத் தட்டி அழகாகக் கிடைத்தது. விலையைப் பார்த்தால் ஓய்வூதியத்தில் பாதி. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பெண்கள் பத்திரிகையை நின்றபடியே புரட்டினாள். செலவில்லாமல் ரேடியேட்டரை மறைப்பது எப்படி என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. மரத்தட்டியில் பெட்டி செய்யலாம், மேலேயும் கீழேயும் நான்கு விரல் இடம் விடவேண்டும் என்று போட்டிருந்தது. நான்கு விரலை மனசில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மாவின் அலமாரிக்கு முதுகுத்தட்டி ஒன்று இருந்தது. அலமாரி எப்படியும் சுவரோடு ஒட்டித்தான் நிற்கிறது, அதற்கு முதுகு எதற்கு? கழற்றி அறுத்தாள். உடைந்த கட்டிலின் சட்டங்களை வைத்து ஆணி அடித்தாள். சுவருக்கு ஒட்டிய காகிதத்தில் ஒரு சுருள் அம்மா காலத்திலிருந்தே பரணில் கிடந்தது. வெளிறிய மஞ்சளில் சின்னச் சின்ன நீலப்பூக்கள். பூவின் பாதி சுவரிலும் மீதி பெட்டியிலும் சரியாகச் சேர வேண்டும் என்று இரண்டு நாள் மண்டியிட்டே ஒட்டினாள். முழங்கால் வீங்கியது. ஜன்னல் பலகையைப் பெட்டிவரை நீட்டி, ஜெரேனியம் தொட்டியைத் தூக்கி வைத்தாள்.

கபிதோலினா உள்ளே வந்து நாலாபக்கமும் திரும்பினாள்.

"எங்கடி போச்சு அது?"

"சுவருக்குள்ள போயிடுச்சுக்கா."

"அடிப்பாவி. நிஜமாவே காணோமே." கிட்டப் போய்க் குனிந்தாள். "ஆனா மேல இது என்ன பிளவு? எலி வளை மாதிரி. எட்டிப் பார்த்தா உன் அழுக்குத் துணியும் தெரியுது."

தெரியத்தான் செய்தது. அலுவலகக்காரி கொஞ்சம் உயரமாக இருந்தால் போதும், டியூப், துணி எல்லாம் தெரியும். அன்று சாயங்காலமே மேல் பிளவையும் கீழ்ப் பிளவையும் ஒரே சட்டத்தில் நறுக்கி அடைத்தாள். அதன்மேலும் நீலப்பூ.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனபோது ரோத்யா கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ரிம்கா, பாட்டரி இருக்கா?"

அந்த ஊரில் ரேடியேட்டருக்குப் பாட்டரி என்றுதான் பேர். சின்ன வயசில் காலையில் எழுந்ததும் ஸ்பூனால் அதில் மூன்று தட்டு தட்டுவான். இரும்பு அதை மேல்வீட்டுக்குக் கொண்டுபோகும். கபிதோலினா அடுப்படியிலிருந்து கரண்டியால் மூன்று தட்டுவாள். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு அதுதான் வருகைப் பதிவு.

"இருக்குடா. அழகா பண்ணி வச்சிருக்கேன்."

"எப்ப வரட்டும்?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. "புதன்கிழமை ஒரு அம்மா வந்து வீட்டைப் பார்ப்பாங்க. அடுத்த ஞாயிறு நீ என்கூட பஸ்ல வர."

புதன்கிழமை வெளியே மைனஸ் பதினொன்று. பாதுகாவலர் அலுவலகத்து எல்விரா ஃபரீதோவ்னா நடுப்பகலில் வந்தாள். அடாவடியான ஆள் இல்லை. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள், கோட்டைத் தந்தாள். கழுத்துத் துண்டை மட்டும் கழற்றவில்லை. கட்டிலை அமுக்கிப் பார்த்தாள். மடித்து வைத்த புதுக் கம்பளிச் சாக்ஸைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"சுவரு ரொம்ப அழகா இருக்கும்மா. நீங்களே ஒட்டினதா?"

"நான்தாங்க."

பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, அறை நடுவில் முக்காலிமேல் வைத்தாள். பத்து நிமிஷம் ஆகட்டும் என்றாள். ரிம்மா டீயும் முட்டைக்கோஸ் பூரணம் வைத்த பன்னும் கொண்டுவந்தாள். எல்விரா கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். ரிம்மா அதைப் பார்த்தாள்; ஆனால் என்னவென்று யோசிக்கவில்லை.

"பதினாறு," என்றாள் எல்விரா, கண்ணாடியை ஏற்றிவிட்டு. "மூலை அறைக்கு இருபது இருக்கணும்மா."

ரிம்மாவுக்கு முதலில் எண் புரியவே இல்லை. மூன்று வாரமாக அம்மாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேய்ப்பதும் துடைப்பதும் ஒட்டுவதுமாக வேர்த்துக்கொண்டிருந்தவள். குளிர் அவளைத் தொடவே இல்லை. அப்புறம் நான்கு விரல் ஞாபகம் வந்தது.

"பெட்டிதாங்க! அடைச்சுட்டேன், சூடு உள்ளயே நின்னுபோச்சு. கழட்டறேன், ஒரு மணி நேரம் மட்டும் இருங்க—"

"அம்மா, வேணாம், விடுங்க—"

அதற்குள் அவள் ரொட்டிக் கத்தியை அடைத்த பிளவில் செருகி நெம்பிவிட்டாள். நீலப்பூக்கள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கிழிந்தன. அடுப்பு திறந்தது போல வெக்கை வெளியே அடித்தது. எல்விராவின் கண்ணாடி மூடுபனியாயிற்று. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டபோது எல்லாம் பார்வைக்கு வந்திருந்தது. டீ நிற விலாக்கள், டியூப், துணி. தளும்பி நிற்கும் பட்டாணி டப்பா. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம்.

"ஒழுகுது," என்றாள் எல்விரா.

"ஏப்ரல்ல மாத்திடுவாங்க. குழாய்க்காரர் சொல்லியிருக்கார்."

எல்விரா எழுத ஆரம்பித்தாள். ரிம்மா தலைகீழாகவே வாசித்தாள். மறைக்கப்பட்ட கசிவு.

"மறைச்சேன்னு எழுதாதீங்கம்மா," என்றாள். "மூடினேன்னு எழுதுங்க. அழகுக்குத்தானே மூடினேன்."

எல்விரா பேனாவைத் தூக்கினாள். "மூடினதா இருந்தா நான் உள்ள வந்ததுமே சொல்லியிருப்பீங்க," என்றாள் மெதுவாக. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரிம்மா சண்டைக்குப் போயிருப்பாள்.

"திரும்ப எப்ப மனுப் போடலாம்?"

"ஆறு மாசம் கழிச்சு."

"அப்ப மே மாசம். அதுக்குள்ள மாத்தியிருப்பாங்க."

"மே மாசம் வெந்நீர் இருக்காதேம்மா. எதை வச்சு டிகிரி பார்க்கறது? அடுத்த நவம்பர்தான்." கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள், "பன்னு நல்லா இருந்துச்சு." அதைச் சொன்னதற்கு அவளே சங்கடப்பட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுதித் தாழ்வாரத்தில் ரோத்யா கோட்டும் தொப்பியும் போட்டு, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான். காலை ஆறு மணியிலிருந்தே அப்படித்தான் என்று பணிப்பெண் சொன்னாள்.

"பஸ் நிக்குதா ரிம்கா?"

"இன்னைக்கு இல்லடா."

"நாளைக்கு?"

"இல்ல. அடுத்த குளிர்காலம்."

அவன் வெளியே பார்த்தான். பனி விழுந்துகொண்டிருந்தது. "இதுதானே குளிர்காலம்."

"இதுக்கு அடுத்தது."

"அந்த அம்மாவுக்கு வீடு பிடிக்கலியா?"

"வீடு பிடிச்சுது. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

"நீ கேஸ் திறந்தியா?"

அவள் அவன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். அவன் தொப்பியைக் கழற்றினான். பையைத் திறந்து, துணியை வெளியே எடுக்க வேண்டுமா என்று கேட்டான். ஆமாம் என்றாள். மேலாக இருந்தது ஒரு அலுமினிய ஸ்பூன், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தினுடையது. சட்டையில் சுற்றி ஒளித்து வைத்திருந்தான்.

"இத நீ எடுத்துட்டுப் போ. காப்பா தட்டினா நீ தட்டு. இல்லன்னா நான் இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி, இருட்டத் தொடங்கியிருந்தது. பெட்டியின் பலகைகள் வாசல் ஓரம் சாய்ந்து நின்றன. புதன்கிழமைக்குப் பிறகு அவளும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஆணியில் மாட்டியிருந்தாள். இருபத்தொன்று. மூலை அறைக்குத் தேவைக்கு மேல் ஒரு டிகிரி. வெக்கை தாங்காமல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். டப்பாவைக் கொட்டிவிட்டு வந்து வைத்தாள். காலியான தகரத்தில் முதல் சொட்டு சத்தமாக விழுந்தது.

இரும்பு வழியாக மேலிருந்து தட்டு வந்தது. மூன்று. பஸ் வந்த நேரத்தைக் கணக்குப் பண்ணிக் கபிதோலினா காத்திருந்திருக்கிறாள். புதன்கிழமை நடந்ததை ரிம்மா அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று.

ரிம்மா கையில் ஸ்பூன் இருந்தது. தட்டினால் அவன் வந்துவிட்டான் என்று ஆகிவிடும். மூன்றாவது முறை வந்த தட்டும் ஓய்ந்த பிறகு, ஸ்பூனை மடித்து வைத்த கம்பளிச் சாக்ஸுக்குள் செருகி, முதுகில்லாத அலமாரியில் வைத்து மூடினாள்.