முனிரத்னம்மா பிடித்துவைத்த தேதிகள்

போன ஞாயிற்றுக்கிழமை, மாநில எல்லையைத் தாண்டி, அத்திபெலேக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் கல்யாணம். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் மதியச் சாப்பாடு சமைத்த முனிரத்னம்மாவின் பேத்திக்கு. கூடத்துக்குள் கால் வைத்ததும் சாம்பார் வாசனையையும் மீறிச் சுண்ணாம்பு வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அது மண்டபம். எனக்கு மட்டும் நான்காம் வகுப்பு.

ஆமாம், அதுதான் அந்தப் பள்ளி. நான் குடியிருந்த அடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். ஓட்டுக் கூரை போட்ட ஒரே கூடம். ஒரு பக்கம் கன்னடப் பிள்ளைகள், மறுபக்கம் என் தமிழ்ப் பிள்ளைகள், நடுவில் ஒரு கரும்பலகை. நான் நடத்தியதில் கன்னடப் பிள்ளைகளும் தமிழ் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தொண்டைதான் காரணம்.

மூன்றாவது வருஷம் ரோட்டோரத்தில் புதுக் கட்டடம் வந்து, பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். பழையதை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவதாகப் பஞ்சாயத்தில் முடிவாயிற்று. எனக்கு அழுகை வந்தது. முனிரத்னம்மா அழவில்லை. மகள் கல்யாணத்தை அந்தக் கூடத்திலேயே வைத்துவிட்டார்.

"மாவெல தோரணம் கட்டுன எடத்த எவனும் இடிக்க மாட்டான் டீச்சர். ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு வெச்சிடணும், அவ்ளோதான்."

வீடு வீடாகப் போய் விசேஷம் கேட்டு வந்தார். காதுகுத்து, சீமந்தம், நிச்சயதார்த்தம். நான் தேதியையும் பெயரையும் கரும்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதினேன். என் கன்னடத்தைப் பார்த்துப் பழைய மாணவர்கள் சிரித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு புதன்கிழமை மட்டும் காலியாகக் கிடந்தது. இடிக்கும் வண்டி அன்றைக்குத்தான் வரும் என்று செய்தி. ஊரில் விசேஷம் எதுவும் மிச்சமில்லை. முனிரத்னம்மா என்னைப் பார்த்தார். நான் பிறந்தது மார்கழியில். அப்போது நடந்தது வைகாசி. ஆனாலும் மாலை போட்டு, கேசரி கிண்டி, ஊரே என் பிறந்தநாளைக் கொண்டாடியது. வெட்கத்தில் நான் தலையைத் தூக்கவே இல்லை.

வண்டியோடு பஞ்சாயத்துத் தலைவரும் வந்தார். வாசலில் கோலத்தையும் உள்ளே பந்தியையும் பார்த்துவிட்டு டிரைவரைக் காத்திருக்கச் சொன்னார். கேசரி சாப்பிட்டார். பலகையை நிதானமாகப் படித்தார். 

"நம்ம வீட்டுப் பேத்திக்குப் பேர் வைக்கணும்" என்றார் தலைவர். "அடுத்த மாசம் ஒரு நாள் சிக்குமா டீச்சர்?"

வண்டி திரும்பிப் போயிற்று. மழைக்கு முன்பே ஓடு மாற்றி, ஊர்ப் பொதுக்கூடமாக்கி, 'சமுதாய பவன' என்று போர்டு மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் முனிரத்னம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொல்லிப் பரிமாறுகிறவரை மிரட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த ராகி வயல் இல்லை. அதற்குப் பின்னால் கொக்குகள் இறங்கும் ஏரியும் இல்லை. ஒரு அபார்ட்மென்ட்டின் பார்க்கிங் சுவர் நின்றது. கூடத்துக்காக அத்தனை பாடுபட்ட எங்களில் ஒருவருக்கும், வெளியே இருப்பதும் ஒருநாள் போய்விடும் என்று தோன்றவே இல்லை.