பேக்கிங் ஷெட்டில் பாட்டு போட்டார்கள்

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில் வேலை பார்த்தேன். ஒரு மேசைக்கு நான்கு பெண்கள். நான் மிஷினில் சீல் வைப்பேன். பக்கத்தில் இருந்து கவரில் உப்பு அள்ளிப் போட்டவள் மீனவக் குப்பத்துப் பெண். அலை அவளுடைய ஐந்து வயது மகளையும் வீட்டையும் சேர்த்தே வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு போட்டோ கூட மிஞ்சவில்லை.

வீட்டில் அவள் மகளைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. புருஷன் "அந்தப் பேச்ச எடுக்காத" என்று எழுந்து போய்விடுவான். அதனால் எங்களிடம் பேசினாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், வாய் மகளைச் சொல்லும். தோசையில் முறுகலான ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்னுமாம். சீப்பை எடுத்தாலே ஓடி ஒளியுமாம். "எம்மா, எனுக்கு மொட்ட அட்ச்சி வுட்டுடு!" என்று மகள் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். உப்புக் கையால் கண்ணைத் துடைக்க முடியாது; தோளில் தேய்த்துக்கொண்டு அடுத்த கவரை எடுப்பாள். அவள் வேலைக்கு வந்ததே அந்தப் பேச்சுக்காகத்தான்.

புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு. நல்ல மனுஷன், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். எங்கள் முகமெல்லாம் வாடிக் கிடக்கிறதாம், சந்தோஷமாக இருந்தால்தான் வேலை ஓடுமாம். நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டி எஃப்.எம்மைப் போட்டுவிட்டார். அன்றைக்கு ஆளுக்கொரு லட்டு. வாங்கித் தின்றோம்.

காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை குத்துப் பாட்டு. பக்கத்தில் இருப்பவளிடம் கத்தித்தான் பேச வேண்டும். செத்த பிள்ளையைப் பற்றி யாராவது கத்திச் சொல்வார்களா? சாப்பாட்டு நேரத்தில் பேசலாமே என்பீர்கள். கை சும்மா இருந்தால் அவளுக்கு வாய் வராது.

நான் போய்க் கேட்டேன். "சார், சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார். பேசிக்கவே முடியல."

"பேசினா பழசெல்லாம் ஞாபகம் வந்து அழறீங்கம்மா. பாக்கவே கஷ்டமா இருக்குது. உங்களுக்காகத்தான் போட்டிருக்கேன்."

நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. நாசமாய்ப் போக, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போனது. ஸ்பீக்கரும் நின்றது, என் மிஷினும் நின்றது. அவள் மட்டும் உப்பை அள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் மகளைப் பற்றிப் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"சொல்லுடி," என்றேன். "உம் பொண்ணு இன்னிக்கி இன்னா சொல்றா?"

வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. கை நின்றுவிட்டது.

"அவ சொன்னதெல்லாம் தெரியுதுக்கா. அவ கொரலு வர மாட்டேங்குது. அந்தப் பாட்டுதான் வருது."

அந்தக் குரலை எடுத்துக்கொடுக்கலாம் என்று மற்ற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தக் குழந்தையை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அவள் வாயால் கேட்ட குரல்தான் எங்களுக்குத் தெரியும்.